ஒரு பாடசாலை ஆண்டிடம் நாம் கேட்க வேண்டியது



ஒரு பிள்ளை தரம் ஒன்றில் சேர்ந்து தரம் ஐந்தை முடிப்பதற்குள் ஐந்து பாடசாலை ஆண்டுகள் கழிகின்றன. அவை ஒவ்வொன்றும் பிள்ளைக்கு என்ன தரவேண்டும், தந்ததா இல்லையா என்பதைப் பெற்றோர் எப்படி அறிவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்தத் திருகோணமலை மாவட்டத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளின் படிப்புக்காகப் படும் பாடு சிறிதல்ல. துறைமுகத்திலும் மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் உழைப்பவர்கள், கொட்டியாரக் குடாவில் வலை போடுபவர்கள், மூதூரிலும் கிண்ணியாவிலும் வயல் செய்பவர்கள், வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து மாதாமாதம் காசு அனுப்பும் தாய்மார் என எல்லோருக்கும் பிள்ளையின் படிப்புத்தான் முதல் கவலை. அந்தக் கவலையில் நான் குறை காணவில்லை. அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தவணை முடிவில் பிள்ளை வகுப்பில் எத்தனையாம் இடம் என்று கேட்கிறோம். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுமா என்று கேட்கிறோம். பிள்ளை ஒரு பந்தியை வாசித்து அதன் பொருளைத் தன் வாயால் சொல்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. நாம் பாடசாலையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டியதை நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை என்பதே என் வாதம்.

முதலில், பெற்றோருக்கு என்ன உரிமை உண்டு என்பதைப் பார்ப்போம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி என்பதும் உறுதியாயிற்று. 1998 முதல் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட எந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு வராமல் இருக்கக்கூடாது என்பது சட்ட விதியானது. 2016இல் அந்த மேல் வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையைக் கட்டாயம் அனுப்பவேண்டும் என்று அரசு பெற்றோருக்குச் சொல்லுமானால், வந்த பிள்ளைக்குக் கற்பித்தே தீரவேண்டும் என்ற கடமை அரசைச் சேருகிறது. அந்தக் கடமைக்கு ஒரு வடிவம் கொடுத்தது 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம். அது ஐந்து ஆண்டுகளை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது: தரம் 1, 2 முதலாவது நிலை, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் எந்த நிலையில் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதையும் வகுத்தது. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைப் பட்டியலிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளைகளும் அடையவேண்டியவை என்பதனால்தான் அவை அத்தியாவசியம் எனப்படுகின்றன. பாடத்திட்டங்கள் பின்னர் திருத்தப்பட்டன, இனியும் திருத்தப்படும். இந்த உறுதிமொழி மட்டும் மாறக்கூடாதது. பெற்றோர் கையில் இருக்கும் மிகப் பெரிய உரிமைப் பத்திரம் இதுதான். ஆனால் ஆசிரியரிடம் உள்ள இந்தப் பட்டியலைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்ப்பது மிக அரிது.

ஆண்டுக்கு ஆண்டு இந்த எதிர்பார்ப்பு எப்படி இருக்கும்? தரம் ஒன்று பாடம் ஏற்றும் ஆண்டல்ல, பிள்ளையைப் பாடசாலைக்குப் பழக்கும் ஆண்டு. தொடக்க வாரங்களில் ஆசிரியர் பிள்ளைகளை இனங்காண்கிறார். யார் பேசத் தயங்குகிறார், யாருக்குக் கண் பார்வையிலோ செவியிலோ குறை இருக்கலாம், யாருக்குப் பென்சில் பிடிக்கும் விரல்கள் இன்னும் பலப்படவில்லை என்று பார்க்கிறார். அந்த ஆண்டு முடிவில் பிள்ளை தயக்கமின்றிப் பேசவேண்டும், கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும், பழகிய சொற்களை வாசிக்கவேண்டும், பொருள்களை எண்ணிச் சேர்த்தும் பிரித்தும் காட்டவேண்டும். தரம் இரண்டு முடியும்போது முன்பின் பார்த்திராத ஒரு சிறு பந்தியை எழுத்துக் கூட்டாமல் வாசித்து, அதில் யார் என்ன செய்தார் என்று சொல்லவேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படும் எல்லைக்கோடு இதுதான். தரம் மூன்றில் முறைப்படி ஆங்கிலம் தொடங்குகிறது. கணிதத்தில் எண்கள் பெரிதாகின்றன. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் பிள்ளை வாசித்து அறியவேண்டியது கூடுகிறது. தரம் இரண்டு வரை பிள்ளை வாசிக்கக் கற்றது. இனி வாசித்துத்தான் கற்கவேண்டும். தரம் நான்கில் தன் எண்ணத்தைத் தானே ஒரு பந்தியாக எழுதவேண்டும், பெருக்கலையும் வகுத்தலையும் கடைக் கணக்குக்குப் பயன்படுத்தவேண்டும். தரம் ஐந்தில் இவை எல்லாம் கைப்பழக்கமாகி, பிள்ளை தானாகவே ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கும் நிலைக்கு வரவேண்டும்.

இவ்வளவு அழுத்தமாக நான் வாசிப்பைச் சொல்லக் காரணம் உண்டு. உலக வங்கி 2019இல் நாடுகளின் கல்வி நிலையை அளக்க ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தது. பத்து வயதில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற எளிய பந்தியை வாசித்து விளங்காவிட்டால் அதைக் கற்றல் வறுமை என்று அது அழைத்தது. பத்து வயது என்பது நம் கணக்கில் தரம் ஐந்து. அந்த வயதை வாசிப்பின்றிக் கடக்கும் பிள்ளைக்குப் பின்னால் வரும் எல்லாப் பாடங்களும் மூடிய கதவுகளாகின்றன. வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டனோவிச் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதன் இயக்கத்தை விளக்கினார். வாசிக்க வரும் பிள்ளை மேலும் வாசிக்கிறது, அதனால் சொல்வளம் பெருகுகிறது, அதனால் வாசிப்பு மேலும் எளிதாகிறது. வாசிக்க வராத பிள்ளை வாசிப்பைத் தவிர்க்கிறது, ஒவ்வோர் ஆண்டும் இடைவெளி அகல்கிறது. தொடக்கத்தில் சில வாரப் பயிற்சியால் நிரப்பக்கூடிய இடைவெளி, தரம் ஐந்துக்குள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டாலும் நிரப்பக் கடினமானதாகிவிடுகிறது. நம் நாட்டில் இது எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. கொரோனாக் காலத்தில் தரம் 3 பிள்ளைகளிடையே தேசிய அளவில் செய்யப்பட்ட மதிப்பீட்டில், மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் 34 வீதம், கணிதத்தில் 7 வீதம் மட்டுமே. யுனிசெப் இந்த எண்களைத் தன் அறிக்கைகளில் மேற்கோள் காட்டி வருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் ஒன்றில் இருந்த பிள்ளைகள், 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டாலும் வகுப்புகளை இழந்து, 2024இல் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பாடசாலை ஆண்டு முடிவிலும் அவர்கள் அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டார்கள். வகுப்பு ஏறியது எல்லோருக்கும் தெரியும். வாசிப்பு ஏறியதா என்று எத்தனை வீடுகளில் கேட்டோம்?

இடமும் புள்ளியும் இதைத்தானே சொல்கின்றன என்று ஒருவர் கேட்கலாம். சொல்வதில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பத்தாம் இடம் என்றால், மற்ற இருபது பேரை விட இந்தப் பிள்ளை சற்று மேல் என்பது மட்டுமே தெரிகிறது. வகுப்பே பின்தங்கியிருந்தால் முதலாம் இடமும் பின்தங்கிய இடந்தான். வகுப்பு முழுவதும் நன்றாகக் கற்றிருந்தால் கடைசி இடத்துப் பிள்ளையும் தேர்ச்சி அடைந்த பிள்ளைதான். பிள்ளை எதில் தடுமாறுகிறது, வீட்டில் என்ன உதவலாம் என்பதற்கு இடம் எந்தத் துப்பும் தருவதில்லை. கற்றலைக்கூட அது கெடுக்கக்கூடும். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் தரம் 5, 6 மாணவர்களிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதியினருக்கு வேலை பற்றிய குறிப்புரை மட்டும், மூன்றாம் பகுதியினருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறனும் உயர்ந்தன. புள்ளியையும் குறிப்புரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. புள்ளியைக் கண்டதும் பிள்ளையின் கவனம் வேலையை விட்டுத் தன் மதிப்புக்குத் தாவிவிடுகிறது. பெரியவர்களான நமக்கும் அதுவே நேர்கிறது. முன்னேற்ற அறிக்கையில் இருக்கும் எண்ணைப் பார்த்து முடித்துவிடுகிறோம், ஆசிரியர் எழுதிய இரண்டு வரியைப் படிப்பதில்லை.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பும் வலிமையான மறுப்பும் புலமைப்பரிசில் பரீட்சை பற்றியது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக்குப் போக அதுதானே வழி, அதைக் குறைசொல்ல வசதி உள்ளவர்களால்தான் முடியும் என்று கேட்பவர்களின் நியாயத்தை நான் மதிக்கிறேன். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தபோது, கிராமத்துத் திறமைசாலிப் பிள்ளைகளைத் தேர்ந்து அவற்றின் விடுதிகளில் சேர்க்கவே இந்தத் தேர்வு முறை பிறந்தது. அது பல ஆயிரம் குடும்பங்களின் தலைவிதியை மாற்றியது. இன்றும் தரம் ஐந்தோடு முடியும் சிறு கிராமப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு பாலம். ஆனால் எண்களையும் பாருங்கள். ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பேரில் ஒருவர்தான். நகரத்துப் பெரிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அதே பாடசாலையில் தரம் ஆறு காத்திருக்கிறது. அவர்களும் தரம் மூன்றிலிருந்தே ரியூசனுக்குப் போகிறார்கள். 2024 செப்டம்பரில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானபோது, பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாள் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்குவதென்று அந்த ஆண்டின் கடைசி நாளில் முடிவாயிற்று. ஒரு பரீட்சையின் மேல் நாம் ஏற்றிவைத்த பாரத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பரீட்சையை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கான சிறந்த ஆயத்தம் தரம் ஒன்றிலிருந்து நான்கு வரை வாசிப்பும் எண்ணறிவும் ஆழமாக வேரூன்றுவதே. வினாவை வாசித்து விளங்காத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாகக் கொடுத்தும் பயன் இல்லை. வாசித்து விளங்கும் பிள்ளைக்குத் தரம் ஐந்தில் சில மாதப் பயிற்சி போதும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கப்போகும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கும் அந்த அடித்தளம் வாழ்நாள் முழுவதும் உதவும். பாலம் ஒரு பகுதியினருக்கு, அடித்தளம் எல்லோருக்கும்.

இரண்டாவது மறுப்பு, கொப்பியில் எழுத்து இல்லை என்பது. பிள்ளை ஒரு நாள் முழுக்க விளையாடிவிட்டு வருகிறது, சிப்பி பொறுக்குகிறது, படம் கீறுகிறது, இது படிப்பா என்று தரம் ஒன்று, இரண்டு ஆசிரியர்களைக் கேட்கும் பெற்றோர் பலர். கொட்டியாரக் குடாவின் கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பிள்ளைகள் அளவுப்படி அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். பெரிது சிறிது என்று ஒப்பிடுகிறார்கள். பத்துப் பத்தாகக் கட்டுகிறார்கள். மிச்சம் எத்தனை என்று சொல்கிறார்கள். எந்த இடத்தில் எடுத்தோம் என்று வாக்கியமாகப் பேசுகிறார்கள். பத்தின் தொகுதியும் இடப்பெறுமானமும் கையால் தொட்டு விளங்கிய பின்னரே எழுத்தில் வருகின்றன. மகாவலி இந்தக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது என்பதை ஆற்றுமுகத்தைப் பார்த்துப் பேசிய பிள்ளை, பின்னால் அதைப் புவியியலில் படிக்கும்போது மனனம் செய்யவேண்டியதில்லை. இந்த விளையாட்டுக்கு ஒரு நோக்கம் இருக்கவேண்டும் என்பது மட்டும் நியாயமான எதிர்பார்ப்பு. அந்த நோக்கத்தை ஆசிரியர் பெற்றோருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். கொப்பி நிறைய எழுத்து வேண்டும் என்று நாம் வற்புறுத்தினால், ஆசிரியரும் நம்மைத் திருப்திப்படுத்த கரும்பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளை பார்த்து எழுதும். பார்த்து எழுதியது பிள்ளைக்கு வாசிக்க வராது என்பது பல மாதம் கழித்தே தெரியவரும்.

மூன்றாவது மறுப்பு, எங்கள் பாடசாலையில் இதற்கெல்லாம் வசதி எங்கே என்பது. இது வெறும் சாக்கு அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2006இல் மூதூரும் சம்பூரும் இடம்பெயர்ந்ததும் இந்த மாவட்டத்தின் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பாடசாலை ஆண்டுகளைச் சிதைத்தன. சம்பூர் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பியதே 2015இல்தான். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன சின்னஞ்சிறு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பாடசாலைக்குப் பத்திரமாகப் போய்வருவது என்பதே எதிர்பார்ப்புகளில் முதலாவது. அதற்காகக் குரல் கொடுப்பது கல்விக்காகக் குரல் கொடுப்பதுதான். ஆனால் வகுப்பறைக்குள் நடக்கவேண்டியதற்குப் பெரும் பணம் தேவையில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாளில் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அதே ஊரைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைகளைக் கற்பித்தது. பின்னர் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் சகாக்களுடன் சேர்ந்து அதை முறையாக மதிப்பிட்டுப் பலன் உண்டு என்று காட்டினார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்கிக் கற்பிக்கிறது. இவற்றின் சாரம் ஒன்றே: பாடப்புத்தகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பாராமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து கற்பிப்பது. ஒரு பாடசாலை இதற்கு நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம். ஆசிரிய ஆலோசகர் வழிகாட்டலாம். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகள் துணைநிற்கலாம். ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படவேண்டும் என்று வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்டுக்கொண்டே இதையும் செய்யலாம்.

நான்காவது தடை வெளியே சொல்லப்படாத தடை. எழுத வாசிக்கத் தெரியாத நான் போய் டீச்சரிடம் என்ன கேட்பது, கேட்டால் பிள்ளைமேல் கோபம் வருமோ என்ற தயக்கம். தாய் வெளிநாட்டில், தகப்பன் கடலில், அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளின் வீடுகளில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல். பள்ளிப்படிப்பு இல்லாதவர் செய்யக்கூடியதுதான் இங்கே மிகப் பெரியது. பிள்ளையைத் தினமும் நேரத்துக்கு அனுப்புவதும், இரவில் நல்ல தூக்கம் கிடைக்கச் செய்வதும், பாடப்புத்தகத்தை எடுத்து வாசி என்று சொல்லிப் பக்கத்தில் இருந்து கேட்பதும், வாசித்ததில் என்ன நடந்தது என்று விசாரிப்பதும் எந்தச் சான்றிதழும் கேட்காத வேலைகள். தடுமாறாமல் வாசிக்கிறதா, கதை விளங்கியதா என்பது கேட்பவருக்குத் தெரியும். அம்மம்மா சொல்லும் கதைகளும் கூட, பிள்ளையின் சொல்வளத்துக்கு எந்தப் பயிற்சிப் புத்தகமும் தராத ஊட்டம். ஆசிரியரிடம் கேட்பது மரியாதைக்குறைவும் அல்ல. நாற்பது பிள்ளைகளோடு மல்லாடும் ஆசிரியருக்கு, இடத்தைப் பற்றி முறையிடும் பெற்றோரைவிடக் கற்றலைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் பெரும் பலம். இந்த ஊருக்கு இப்படிக் கேட்டுப் பெற்ற வரலாறும் உண்டு. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி. பிள்ளைகளுக்கு இது வேண்டும் என்று ஒருவர் உறுதியாக நின்றதால் எழுந்தது அது.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஓர் எதிர்பார்ப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஐந்தில் இருவர் முஸ்லிம்கள், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழர், நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் சிங்களவர். சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் ஒன்றாக இருக்கும் நாம் பிள்ளைகளைத் தனித்தனிப் பாடசாலைகளுக்கு அனுப்புகிறோம். அதனால் அயலவரோடு பேசும் மொழியையும் பழகும் பண்பையும் பாடசாலை ஆண்டே தரவேண்டியிருக்கிறது. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதைக் கால அட்டவணையில் ஒரு பெயராக விட்டுவிடாமல், பிள்ளை நாலு வார்த்தை கூசாமல் பேசும் அளவுக்குக் கற்பிக்கவேண்டும் என்று கேளுங்கள். முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றாலும் கைகொடுப்பது, தன்னைப்போல் இல்லாத பிள்ளையைக் கேலிசெய்யாதிருப்பது ஆகியவையும் ஆரம்பக் கல்வியின் தேர்ச்சிகளே. இடத்துக்காகச் சக பிள்ளையைப் போட்டியாளராகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இவற்றைக் கற்பிப்பது மிகக் கடினம். வரிசை இலக்கத்துக்கு எதிரான என் கடைசிக் காரணம் இதுவே.

ஆகவே பெற்றோர்களே, ஒவ்வொரு தவணையிலும் ஒருமுறை வகுப்பாசிரியரைச் சந்தித்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற தவணையில் முடியாத எதை என் பிள்ளை இப்போது செய்கிறது? இந்த நிலையின் அத்தியாவசியத் தேர்ச்சிகளில் எது இன்னும் வரவில்லை? அதற்குப் பாடசாலை என்ன செய்யும், வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும்? தரம் இரண்டு முடியும் தவணையில், பிள்ளை புதிய பந்தியை வாசிப்பதை ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து கேளுங்கள். அதிபர்களையும் ஆசிரியர்களையும் நான் வேண்டுவது, இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள், அத்தியாவசியத் தேர்ச்சிப் பட்டியலை ஆண்டின் தொடக்கத்திலேயே எளிய தமிழில் பெற்றோர் கையில் கொடுங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் முன்னதாக வாசிப்பை நிகழ்ச்சிநிரலில் வையுங்கள். கற்காமல் வகுப்பேறும் பிள்ளை ஒருவரும் எங்கள் பாடசாலையில் இல்லை என்று ஓர் அதிபர் சொல்லும் நாளில், அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளிக் கணக்கு என்னவாக இருந்தாலும், அதுவே இந்த மாவட்டத்தின் சிறந்த பாடசாலை. அப்படி ஒரு பாடசாலையை உங்கள் ஊரிலேயே கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு இந்த ஆண்டே தொடங்கலாம்.